மணியோசை வந்த வழி

கீபோர்டு வாசிக்கிறவர்கள் பேச்சில் ‘டோன்’ என்றால் ஒரு குரல். பியானோ டோன், புல்லாங்குழல் டோன், பெல் டோன் என்று பொத்தானுக்கு ஒன்று. தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் ஜூலை 26 கொடியேற்றம் முதல் ஆகஸ்ட் 5 பெருவிழா வரை நடக்கும் திருவிழாக் காலத்திலும், குலசேகரன்பட்டினம் தசரா சமயத்திலும், கல்யாண மண்டபக் கச்சேரிகளிலும் இந்தக் கரையோர ஊர்களில் கீபோர்டுக்கு ஓய்வே கிடையாது. பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடைவெளியில் பெல் டோன் விழும். பளிச்சென்று தொடங்கி மெதுவாகக் கரையும்.

அந்த டோன் எங்கே பிறந்தது, யார் யார் கையில் இருந்தது, எப்படி நம் வீட்டு லேப்டாப்புக்கு வந்தது என்பதே இந்தக் கட்டுரை. வீட்டில் உட்கார்ந்து ட்ராக் போடும் இளைஞர்கள் பலர், விலை கொடுத்து வாங்க முடியாத சிந்தசைசர் மென்பொருளுக்கு மாற்றாக எதை எடுப்பது என்று கேட்கிறார்கள். இந்த டோனின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பிறப்பு: 1967

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் இருந்தார். அங்கிருந்த செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்துக் கணினியில் ஓசைகளை உண்டாக்கிப் பார்ப்பது அவர் வேலை. 1967இல் ஒரு சுரத்தை லேசாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அசைவின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்.

கமகம் கேட்டுப் பழகிய நமக்கு இது எளிதில் புரியும். சுரம் நொடிக்கு ஐந்தாறு முறை அசைந்தால் அசைவு தனியாகக் காதில் விழும். அதே அசைவு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடந்தால் காது அதை அசைவாக எடுத்துக்கொள்வதில்லை. சுரத்தின் குரலே மாறிவிட்டதாக உணர்கிறது. இரண்டு எளிய அலைகள். ஒன்று ஒலிக்கிறது, மற்றது அதை ஆட்டுகிறது. இரண்டின் அதிர்வெண்ணும் 1:1 என்று முழு எண் விகிதத்தில் இருந்தால் பித்தளை ஊதுகருவிகளின் சாயல் வருகிறது. 1:1.4 என்று ஒட்டாத விகிதமாக வைத்தால் மணியோசை கேட்கிறது. வானொலியில் நாம் எஃப்.எம். என்று சொல்கிறோமே, அதே தத்துவம்தான். வானொலியில் அது பாட்டைச் சுமந்து வருகிறது. சௌனிங் கையில் அதுவே பாட்டின் குரலானது.

அதுவரை கணினியில் ஒரு மணியோசையை உண்டாக்கப் பல பத்து அலைகளைத் தனித்தனியே கூட்ட வேண்டியிருந்தது. இப்போது இரண்டு போதும். சௌனிங் தன் கண்டுபிடிப்பைக் கட்டுரையாக வெளியிட்டது 1973இல்.

உரிமை யாருக்கு?

முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுப்பவர் ஒருவர், முத்துப்பார் இன்னொருவருடையது என்ற ஏற்பாட்டில் தலைமுறைகளாக வாழ்ந்த கரை இது. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவருக்கு, மீதி அரசுக்கு. 1961உடன் முத்துக்குளிப்பே நின்றுபோனது. ஒரு செல்வம் எடுத்தவர் கையில் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கும் கண்ணோடுதான் இந்த டோனின் அடுத்த கட்டத்தையும் பார்க்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு இந்தக் கண்டுபிடிப்பை விற்கக் கிளம்பியது. ஹாமண்ட், வுர்லிட்சர் போன்ற அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளுக்கு இதன் அருமை புரியவில்லை. ஜப்பானின் யமஹாவிலிருந்து வந்த கசுகியோ இஷிமுரா என்ற இளம் பொறியாளர் பத்தே நிமிடத்தில் புரிந்துகொண்டார் என்று சௌனிங்கே பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார். யமஹா உரிமம் பெற்றது. 1977இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இதற்கு நடுவே சௌனிங்கை வேலையிலிருந்து அனுப்பிவிட்ட பல்கலைக்கழகம், கண்டுபிடிப்பின் மதிப்பு தெரிந்த பிறகு திரும்ப அழைத்துக்கொண்டது. அந்தக் காப்புரிமையால் ஸ்டான்ஃபோர்டுக்குக் கிடைத்த தொகை 2 கோடி டாலருக்கு மேல்.

ஆய்வுக்கூடத்துக் கணக்கு கையால் தொடும் கருவியாக மாறியது 1983இல். யமஹா டி.எக்ஸ்.7: 61 கட்டைகள், ஒரே சமயத்தில் 16 சுரங்கள், ஒவ்வொரு டோனுக்கும் ஆறு அலைகள், அவற்றைக் கோக்க 32 வழிகள். அமெரிக்காவில் விலை 1,995 டாலர். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. அதனுள் வந்த டோன்களில் இரண்டு உலகம் முழுக்கப் பரவின. ஒன்று ‘இ.பியானோ 1’, மற்றது ‘டப் பெல்ஸ்’ என்ற மணியோசை. எண்பதுகளின் பாட்டு என்றதும் காதில் விழும் குரல் பெரும்பாலும் அந்தக் கருவியுடையதுதான்.

மதராஸ் வந்தது

தமிழ் சினிமாவில் எஃப்.எம். ஓசை கணினியோடு கைகோத்து வந்த படம் கே. பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’. 1986 தீபாவளிக்கு வெளியானது. இளையராஜா அதில் யமஹா சி.எக்ஸ்.5எம் என்ற இசைக் கணினியைக் கையாண்டார். டி.எக்ஸ்.7இன் தம்பி என்று அதைச் சொல்லலாம்: உள்ளே அதே எஃப்.எம். முறை, ஆறு அலைகளுக்குப் பதில் நான்கு. அந்தக் கணினியில் சுரங்களை ஏற்றி இயக்கும் வேலை பார்த்தவர் திலீப் என்ற 19 வயது இளைஞர். பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான். மூன்றாண்டுகள் கழித்து 1989இல் அவர் தன் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. ஒலிப்பதிவுக் கூடம் வீட்டுப் பக்கத்துக்கு வரலாம் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டு இளைஞர்களுக்குப் பிறந்தது அதன் பிறகுதான்.

அதே காலத்தில் எஃப்.எம். சிறிய கருவிகளுக்குள்ளும் புகுந்தது. யமஹாவின் சின்னக் கீபோர்டுகளில் இரண்டே அலைகள் கொண்ட எளிய வடிவம். 1987இல் வந்த ஆட்லிப், 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஆகிய கணினி ஒலி அட்டைகளிலும் அதே. 2000ஐ ஒட்டிப் பல கைப்பேசிகளின் ரிங்டோனை ஒலித்ததும் யமஹாவின் எஃப்.எம். சில்லுகளே. மெல்லிசைக் குழுவின் கீபோர்டு, கம்ப்யூட்டர் சென்டரின் விளையாட்டு, சட்டைப்பையின் ரிங்டோன் என்று மூன்று வழியாகவும் இந்த டோன் சிற்றூர்வரை நடந்து வந்தது.

இந்த மண்ணின் பழைய வழக்கு

கட்டை வைத்த கருவி இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் ஊர் ஊராக ஹார்மோனியத்தோடுதான் நடந்தன. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியோ ஹார்மோனியத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடை செய்து 1971வரை ஒதுக்கி வைத்தது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது: கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் சுருதியை அது தராது.

டி.எக்ஸ்.7 அந்தக் குறையைப் பாதி தீர்த்தது. அதன் இடப்பக்கத்துச் சக்கரத்தைத் தள்ளினால் சுரம் வளையும். நம் கீபோர்டுக் கலைஞர்கள் கமகம் பிடிப்பது அந்தச் சக்கரத்தால்தான். ஆனால் கட்டைகளின் சுருதி நிலை மாறாமல் இருந்தது. மீதிக் குறை எல்லாருக்கும் எளிதாகத் தீர இந்த டோன் உலோகப் பெட்டியை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது.

பெட்டியை விட்டு வெளியே

எஃப்.எம். காப்புரிமை 1990களின் நடுவில் காலாவதியானது. சௌனிங்கின் கணக்கு அன்றிலிருந்து யாருக்கும் சொந்தமில்லை. அதாவது எல்லாருக்கும் சொந்தம். நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் எஃப்.எம்.7, எஃப்.எம்.8 என்றும், ஆர்ட்டூரியா டி.எக்ஸ்.7 வி என்றும் மென்பொருளாகக் கொண்டுவந்தன. நல்ல மென்பொருள்கள். விலைக்கு விற்பவை.

வேறொரு வழியும் திறந்தது. ராஃப் லெவியன் என்ற நிரலாளர் கூகுளில் இருந்தபோது, ஆண்ட்ராய்டு கைப்பேசிக்காக டி.எக்ஸ்.7இன் உள் இயக்கத்தை நிரலாக எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டார். பாஸ்கல் கோத்தியே அதை எடுத்து, முகப்பும் பொத்தான்களும் சேர்த்து, ‘டெக்ஸெட்’ என்ற முழுச் சிந்தசைசராக்கினார். இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மூல நிரல் யாருக்கும் திறந்திருக்கிறது. பழைய லேப்டாப்பே தாராளம். டெக்ஸெட்டின் நிரலைக் கொண்டு பிறந்த ‘மினிடெக்ஸெட்’, கையடக்க ராஸ்பெரி பை கணினியில் எட்டு டி.எக்ஸ்.7களுக்கு ஈடாக ஓடுகிறது.

டெக்ஸெட் பழைய டி.எக்ஸ்.7இன் கோப்புகளை அப்படியே படிக்கும். ஒரு டோனின் அளவு 128 பைட். 32 டோன் சேர்ந்த தொகுப்பு 4,096 பைட். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றையும் சேமிக்கக் கணினிக்குப் பெரும்பாலும் 3 பைட் வேண்டும். ஆகவே நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த ஒரு வாக்கியத்துக்கான இடத்தில் இரண்டு மணியோசைகளைத் தாராளமாக வைத்துவிடலாம். நாற்பது ஆண்டுகளாக உலகெங்கும் கலைஞர்கள் செதுக்கிய ஆயிரக்கணக்கான டோன்கள் இந்தச் சிறு கோப்புகளாகக் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

நீங்களே ஒரு மணி வார்க்கலாம்

டெக்ஸெட்டைத் திறந்து ‘இனிட்’ பொத்தானை அழுத்துங்கள். எல்லாம் துடைக்கப்பட்டு முதல் அலை மட்டும் ஒலிக்கும், மொட்டையான ஊதல். இரண்டாவது அலைக்குப் போங்கள். ‘கோர்ஸ்’ 1, ‘ஃபைன்’ 40 என்று வையுங்கள். விகிதம் 1.40 என்று காட்டும். சௌனிங்கின் விகிதம் அதுதான். அந்த இரண்டாவது அலையின் அளவை 0இலிருந்து மெல்ல ஏற்றுங்கள். 70ஐத் தாண்டும்போது ஊதல் உலோகமாகிவிடும்.

இன்னும் மணி ஆகவில்லை; கட்டையை விடும்வரை ஒலித்துக்கொண்டே இருக்கும். இரண்டு அலைகளுக்கும், ஓசை எழுந்து அடங்கும் விதத்தைச் சொல்லும் லெவல்களில் இரண்டாவதையும் மூன்றாவதையும் 0 ஆக்குங்கள். இரண்டாவது ரேட்டை முதல் அலைக்கு 35 அளவிலும், ஆட்டும் அலைக்கு 45 அளவிலும் வையுங்கள். கட்டையை விட்ட பிறகும் ஓசை நீள, நான்காவது ரேட்டையும் 35க்குக் குறையுங்கள். ஆட்டும் அலை முதலில் ஓய்வதால் கணீரென்ற பகுதி சீக்கிரம் மறையும், அடிநாதம் கடைசிவரை நிற்கும். உண்மையான மணியும் அப்படித்தான் ஓய்கிறது. கோயில் மணியையோ மாதா கோயில் மணியையோ கைப்பேசியில் பதிவுசெய்து, பக்கத்தில் வைத்துக் கேட்டு, ஃபைன் எண்ணை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். விகிதம் கொஞ்சம் நகர்ந்தாலே மணியின் குரல் மாறுவது தெரியும். எதிரொலி வேண்டுமென்றால் உங்கள் ஒலிப்பதிவு மென்பொருளின் ரிவெர்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டெக்ஸெட்டில் அது இல்லை. பழைய கருவியின் லேசான கரகரப்பு பிடிக்கும் என்றால் அதன் எஞ்சினை ‘மார்க் 1’ என்று மாற்றுங்கள்.

சுருதி நம் கையில்

ஹார்மோனியத்தை எதிர்த்தவர்கள் சொன்ன குறைக்கு எளிய விடை கிடைத்தது இந்த மென்பொருள் காலத்தில்தான். ‘சர்ஜ்’ என்று இன்னொரு சிந்தசைசர் உண்டு. கிளேஸ் யோஹான்சன் எழுதி விற்றுக்கொண்டிருந்தது. 2018இல் அவரே அதைத் திறந்த மூலமாக்கினார். தன்னார்வலர்கள் வளர்த்து 2022இல் ‘சர்ஜ் எக்ஸ்.டி.’ ஆக்கினார்கள். கட்டைகளின் சுருதியை விரும்பியபடி மாற்ற அவர்கள் எழுதிய நிரலை டெக்ஸெட்டுக்கும் கொடுத்தார்கள். அதனால் இப்போது நோட்பேடில் எழுதிய ஒரு சிறு கோப்பால் கீபோர்டின் சுருதி முழுவதையும் மாற்றலாம்.

ஒரு ஸ்தாயி 1,200 சென்ட். சாதாரணக் கீபோர்டு அதைச் சரிசமமாகப் பன்னிரண்டாகப் பிரிப்பதால் அந்தர காந்தாரம் 400 சென்ட்டில் நிற்கிறது. தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் 5/4 விகிதம். அது 386 சென்ட். காதுள்ளவருக்கு அந்த 14 சென்ட் நன்றாகவே உறுத்தும். கோப்பில் அந்த ஒரு வரியில் 400.0க்குப் பதில் 386.3 என்று எழுதினால் உறுத்தல் போய்விடும். சட்ஜத்தை எந்தக் கட்டையில் வைப்பது என்பதை இன்னொரு சிறு கோப்பு சொல்லும்.

பழைய திருநெல்வேலிச் சீமையின் சாம்பவர்வடகரையில் 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், 1917இல் வெளியான ‘கருணாமிர்த சாகரம்’ நூலில் ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற கொள்கையை மறுத்து, சமமான 24 சுருதிகளை நிறுவப் பாடுபட்டார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்கும் போய் வாதாடினார். 50.0, 100.0, 150.0 என்று 50 சென்ட் இடைவெளியில் 24 வரி எழுதினால் பண்டிதரின் அளவு உங்கள் கீபோர்டில் வந்துவிடும். 61 கட்டைக் கருவியில் இரண்டரை ஸ்தாயி கிடைக்கும். பண்டிதர் சொன்னது சரியா என்று அவரவர் காதாலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தமிழ் இசை ஆராய்ச்சியை இப்படித் தொட்டுப் பார்க்கும் வசதி நூறாண்டு கழித்து, அதுவும் செலவில்லாமல், நமக்கு வாய்த்திருக்கிறது.

எதை எடுப்பது?

மாற்று மென்பொருள் என்றதும் பலரும் முதலில் தேடுவது பூட்டுடைத்த ‘கிராக்’ பதிப்பு. அது வேண்டாம். அடுத்தவர் உழைப்பைத் திருடுவது ஒருபுறம். வைரஸ் பயம் மறுபுறம். அதற்கு இனித் தேவையும் இல்லை. மணி, மின்பியானோ, பித்தளை, கனமான பேஸ், பளிங்கு போன்ற ஓசைகள் எல்லாவற்றுக்கும் டெக்ஸெட் போதும். பின்னணியில் விரியும் மென்மையான ‘பேட்’ ஓசைகளுக்குச் சர்ஜ் எக்ஸ்.டி. இன்றைய மேலைப் பாணி ஓசைகளுக்கு மேட் டைட்டெல் 2020இல் வெளியிட்ட வைட்டல். அதன் அடிப்படைப் பதிப்பு இலவசம். வீணை, நாகஸ்வரம், மிருதங்கம் வேண்டுமானால் எஃப்.எம்.மிடம் கேட்காதீர்கள்; வாசிப்பவரை அழைத்துப் பதிவுசெய்வதே முறை.

இந்தக் கரைக்கென்று ஒரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுவிட்டது. பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் நாள்கணக்கில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மாதச் சந்தா கட்டி, இணையத்தில் கம்பெனியிடம் அனுமதி கேட்டுத் திறக்கும் மென்பொருள் இப்படிப்பட்ட நாளில் கைகொடுக்காது. கீபோர்டு நனைந்தால் போய்விடும். பென் டிரைவில் இருக்கும் 4,096 பைட் தொகுப்பும், யாரிடமும் அனுமதி கேட்காத டெக்ஸெட்டும் எந்தக் கணினி கிடைத்தாலும் அதில் மறுபடி ஒலிக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது: சிந்தசைசரைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை ஆயிரம் டோன் தருகிறார்கள் என்று பார்க்காதீர்கள். நீங்கள் செய்த டோன் உங்களிடமே தங்குமா, அதன் உள்ளே கை வைக்க முடியுமா, சுருதியை மாற்ற விடுமா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்று சொல்கிற டெக்ஸெட்டிலிருந்து தொடங்குங்கள்.

இனி இந்தப் பயணத்தின் அடுத்த கட்டம் உங்களுடையது. மணப்பாடு, புன்னைக்காயல், வேம்பார், திருச்செந்தூர் என்று ஊருக்கு ஒரு மணி இருக்கிறது. உங்கள் ஊர் மணிக்கு ஒரு டோன் செய்யுங்கள். பெயருக்கு அந்த 128 பைட்டில் பத்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்; ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயரை எழுதுங்கள். 32 டோன் சேர்ந்ததும் தொகுப்பாக்கி, அடுத்த ஊர்ப் பாடகர் குழுவுக்கும் தசராக் குழுவுக்கும் இலவசமாகக் கொடுங்கள்.